மாத்தி என்று காதில் விழுந்தது

ஸ்டெல்லா, பிரான்சிஸ், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒருத்தி கூலிம் தொழிற்சாலையில் டெக்னீஷியன். இன்னொருவன் செம்பனை எண்ணெய் மில்லில் சார்ஜ்மேன் வேலைக்குப் பயிற்சியில் இருக்கிறான். அப்பன் முப்பது வருடம் பார்த்த கரண்டு வேலையைத்தான் நீங்களும் பிடித்துக்கொண்டீர்கள். நான் சொல்லி அல்ல, நீங்களாகவே. உங்களோடு சேர்ந்த பிள்ளைகள் யாராவது கேட்டால் இதை அவர்களுக்கும் படிக்கக் கொடுங்கள். நான் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

ஸ்டெல்லா, போன வாரம் நீ போனில் பேசியபோது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"அப்பா, வேலைய விட்டுறலாம்னு இருக்கேன். எந்நேரமும் மண்டைக்குள்ள பத்து பேரு பேசுறாப்புல இருக்கு. நேத்து தப்பான பிரேக்கர எறக்கிட்டேன். லைன் நின்னுச்சு, அவ்ளோதான். ஆனா அந்த நேரம் பாத்து யாராவது வேற எடத்துல கைய வெச்சிருந்தா?"

"அதெல்லாம் பழகிடும் லா" என்றேன் நான். என்ன பதில் அது! போனை வைத்ததும் உங்கள் அம்மா, "புள்ள என்னா சொல்லுச்சு?" என்று கேட்டாள். "வேலை அதிகமாம்" என்றேன். அதுவும் சரியில்லை.

நீ எதற்குப் பயப்படுகிறாயோ, அதற்கு மூன்று மூச்சு தூரம் வரை நான் போயிருக்கிறேன் அம்மா. வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைப் படித்துவிட்டு, வேலையை விடுவதா வேண்டாமா என்று நீயே முடிவு பண்ணு.

முதலில் என் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு பாசார் மாலாம், ராத்திரிச் சந்தை. எல்லாக் கடையிலும் விளக்கு எரிகிறது, எல்லாக் கடைக்காரனும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறான், கடை கட்டுகிற நேரம் மட்டும் வருவதே இல்லை. ஒரு மோட்டாரைப் பார்க்கும்போது பக்கத்து மோட்டார் கேட்கும், அதற்கடுத்த பம்பு கேட்கும், நேற்று அம்மா சொன்னது கேட்கும், நாளை டயர் மாற்ற வேண்டியது ஞாபகம் வரும். மில்லில் இதற்காக என்னைப் பாராட்டினார்கள். "அண்ணன் நடந்து போவும்போதே மோட்டாருக்கு காய்ச்சல் பாத்துடுவாரு" என்பார்கள். பேரிங் கெடுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அதன் சத்தம் மாறியிருப்பதைச் சொல்லிவிடுவேன். அது பெருமையாக இருந்தது. மீதி எதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

வேலை முடிந்து வந்து காடியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா கோவமா?" என்று அம்மாவிடம் கேட்பீர்கள். கண்ணாடி ஏற்றியிருந்தாலும் எனக்குக் கேட்கும். கோபம் இல்லை. மில்லின் சத்தம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அது கொஞ்சமாவது இறங்காமல் உங்கள் சத்தத்துக்குள் வந்தால் உங்கள்மேல் கத்திவிடுவேன் என்று பயம். பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு எட்டு வருடம் முன்பு. பாடாங் மேஹா பக்கத்து மில்லில் இருந்தேன். பழம் அதிகமாக இறங்குகிற மாதம். லோரிகள் மில் வாசலிலிருந்து ரோடு வரை நின்றன. வெயிலில் காத்துக்கிடந்த டிரைவர்கள் விடாமல் ஹார்ன் அடித்தார்கள். அந்த நேரம் பார்த்து மூன்றாம் நம்பர் கன்வேயர் நின்றுவிட்டது.

கன்வேயர் என்பது ஒரு நீளமான இரும்புத் தொட்டி. அதற்குள் இரண்டு சங்கிலி ஓடும். சங்கிலிக்குக் குறுக்கே இரும்புப் பலகைகள். அவை பழக்குலையை இழுத்துக்கொண்டு போகும். எங்கிருந்தோ வந்த இரும்புக் கம்பி ஒன்று சங்கிலியில் சுற்றிக்கொண்டது. ஆள் உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டுதான் வெட்டி எடுக்க வேண்டும். இறங்க வேண்டியவன் எங்கள் ஃபிட்டர். பாலிங்கிலிருந்து வந்தவன். முப்பது வயது இருக்கும். நான் அவனைத் தம்பி என்றே கூப்பிடுவேன். பேர் வேண்டாம்.

அவன் இறங்குவதற்கு முன் கரண்டை நிறுத்துவது சார்ஜ்மேனான என் பொறுப்பு. இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும். இஞ்சின் ரூமில் சொல்லி அங்கே வெட்ட வேண்டும். பிறகு கன்வேயர் மோட்டாருக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஐசோலேட்டர் ஸ்விட்சின் கைப்பிடியை நானே கீழே இழுக்க வேண்டும். அது நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரம். பத்தே அடி.

வாக்கி டாக்கியில் எங்கள் பேச்சு பெரும்பாலும் மலாய்தான். மலாய்க்காரர், வங்காளதேசத்துக்காரர், நாம் எல்லாரும் கேட்கிற ஒரே கருவி அது. ஓடினால் 'ஹீடோப்', நின்றால் 'மாத்தி'. மாத்தி என்றால் செத்தது, அணைந்தது. "நம்பர் த்ரீ மாத்தி" என்றால் மூன்றாம் நம்பருக்குக் கரண்டு இல்லை, கை வைக்கலாம். இத்தனை வருடம் அப்படியே ஓடியது.

அன்றைக்கு நான் வாக்கி டாக்கியில், "நம்பர் த்ரீ மாத்தி, ஆள் எறங்குறான், நம்பர் த்ரீ மாத்தி" என்றேன். இன்னொரு கையில் கைப்பேசி. மேனேஜர் ஆபீஸிலிருந்து, லோரி எப்போது நகரும் என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். அம்மா, ஸ்டெல்லாவைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது என்று கேட்கிறாள். பாய்லர் பக்கம் அலாரம் அடிக்கிறது. ஹார்ன். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்பவன் எதையும் கேட்பதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

இஞ்சின் ரூமில் இருந்தவரும் நம்ம ஆள்தான். அந்த நேரம் பாய்லரில் நீராவி இறங்கிவிட்டதால், அவர் கரண்டை டர்பைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பதற்றத்தில் இருந்தவருக்கு நான் சொன்னதில் கடைசி வார்த்தை மட்டும் கேட்டிருக்கிறது. ஜெனரேட்டருக்கு மாற்றிவிட்டாயா என்று நான் கேட்பதாக நினைத்துக்கொண்டார். பதற்றம் வந்தால் யாருக்கும் தாய்மொழிதானே வரும்?

"மாத்தி அண்ணே, மாத்தி!" என்றார்.

அவர் சொன்னது தமிழ் 'மாத்தி'. நான் கேட்டது மலாய் 'மாத்தி'. அவர் கரண்டை மாற்றிவிட்டேன் என்கிறார். நான் கரண்டு செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, மாத்தி. எறங்கு."

"கன்ஃபர்மா அண்ணே?"

"கன்ஃபர்ம் லா. லோரி லைன பாத்தியா, ரோடு வரைக்கும் நிக்குது. எறங்கு லா."

அவன் இறங்கினான். நான் கைப்பேசியைப் பார்த்தேன். அம்மாவுக்குப் பதில் தட்டிவிட்டு ஐசோலேட்டரை இழுக்கலாம் என்று நினைப்பு. கரண்டுதான் செத்துவிட்டதே.

தட்டிக்கொண்டிருக்கும்போதே, மோட்டார் பெட்டியில் இருக்கிற சின்னச் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. எரிந்துகொண்டிருந்தது. செத்த லைனில் அந்த விளக்கு எரியக்கூடாது.

என் தலை உடனே ஒரு சமாதானம் சொன்னது. பாய்லர் அலாரம் அடிக்கிறதே, ஜெனரேட்டருக்கு மாற்றியிருப்பார்கள், அப்போது விளக்கு இப்படித்தான் எரியும் என்றது. இன்னொரு மூலையிலிருந்து இன்னொன்று, வாக்கி டாக்கியில் ஒரு தடவை கேட்டுவிடு என்றது. கேட்டால் அவர் என்னவென்று சொல்வார்? மாத்தி என்றுதான் சொல்வார். அது எந்த மாத்தி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கைப்பேசியைப் போட்டேன், வாக்கி டாக்கியைப் போட்டேன். அந்தப் பத்தடியை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன்.

மூன்று மூச்சு விட்டிருப்பேன். ஜெனரேட்டர் கரண்டு வந்ததால் கண்ட்ரோல் ரூமில் மெஷின்களை ஒவ்வொன்றாக ஓட விட ஆரம்பித்திருக்கிறார்கள். நிறுத்தச் சொன்ன செய்தி இஞ்சின் ரூமிலிருந்து அவர்களிடம் போகவே இல்லையே! இரண்டாம் நம்பர் கன்வேயர் சடசடவென்று ஓடியது. பிறகு நான்காம் நம்பர் ஓடியது. மூன்றாம் நம்பர் மட்டும் அசையவில்லை.

உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான். "அண்ணே, என்னா சத்தம் அது?"

"பக்கத்து கன்வேயர் லா. நீ வேலையப் பாரு."

நான் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அவன் கம்பியை வெட்டி எடுக்கும் வரை நான் அந்தக் கைப்பிடியை விடவில்லை. வெளியே வந்தவன், கம்பியைச் செத்த பாம்பு மாதிரி தூக்கிக் காட்டினான். "அண்ணே, குடிக்க தே ஓ ஒன்னு வாங்கிக் குடுங்க. என்னா, இன்னும் கைப்பிடியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? சுகரு எறங்கிடுச்சா?" என்றான்.

"ஆமா லா" என்றேன்.

சாயங்காலம் மில் இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே, அடுத்த வாரம் ஆடிட் வருகிறது, இப்போது புத்தகத்தில் எழுத வேண்டாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் வெளியே லோரிகள் நின்றன. நானும் எழுதாமல் வந்துவிட்டேன். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. இஞ்சின் ரூம்காரருக்குத் தெரியாது, உள்ளே படுத்திருந்தவனுக்கே தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். என் தலையில் ஏற்கெனவே இவ்வளவு கூட்டம் இருக்கிறதே, இதையும் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடலாம் என்று பார்த்தேன். அது உட்காரவில்லை. காடியில் உட்கார்ந்தேன், சத்தம் இறங்கவில்லை. சாப்பிடும்போது பிரான்சிஸ் ஏதோ கணக்குக் கேட்டான், பாதியிலேயே வேறு எதற்கோ பதில் சொன்னேன்.

மறுநாள் பத்து மணிக்கு மில் கண்டினில் அந்தத் தம்பி எதிரே போய் உட்கார்ந்தேன். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நேத்து நீ உள்ள இருந்தப்ப லைன் மாத்தி இல்ல."

"மாத்தின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மாத்தின்னுதான் எனக்கு காதுல விழுந்துச்சு. இஞ்சின் ரூம்ல அவரு சொன்னது தமிழ் மாத்தி."

"தமிழ் மாத்தியா?" என்று சிரித்துவிட்டான். பக்கத்து மேசைக்காரனிடம் சொல்லத் திரும்பினான். பாதி திரும்பியவன் அப்படியே நின்றான். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண் மாறியது.

"அப்ப யாரு நிறுத்துனா?"

"நான்தான். ஐசோலேட்டர்ல."

"எப்ப?"

"நீ எறங்குன பெறகு. போன பாத்துக்கிட்டு இருந்தப்ப செவப்பு லைட்டு எரியறது கண்ணுல பட்டுச்சு."

எழுந்து போய்க் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். திரும்பி வந்து தட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சரி என்றுதான் இருந்திருப்பேன்.

"அண்ணே, என் பொண்டாட்டிக்கு நீங்க பதில் சொல்லியிருப்பீங்களா?" என்றான் மெதுவாக.

அவனே தொடர்ந்தான்.

"ஒன்னு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. ஒங்கள மாதிரி சார்ஜ்மேன் இந்தப் பக்கத்துல இல்ல. ஆனா எவன் வாயத் தொறந்தாலும் நீங்க முழுசாக் கேக்குறதே இல்ல. நாங்க பாதி சொல்றதுக்குள்ள மீதிய நீங்களே மனசுல பேசி முடிச்சிருவீங்க. நேத்து அவரு வாயத் தொறந்தாரு, நீங்க முடிச்சிட்டீங்க. நான் உள்ள கெடந்தேன்."

ஸ்டெல்லா, இத்தனை வருடத்தில் என் தலையைப் பற்றி யாரும் என்னிடம் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன் சொன்னான்.

"நான் வேலைய விட்டுறட்டுமா தம்பி?" என்றேன். மனதாரத்தான் கேட்டேன்.

அவனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "விட்டுட்டு? ஒங்க எடத்துல வேற ஒருத்தன் வருவான். அவனுக்கு அந்த செவப்பு லைட்டு கண்ணுல படுமா? போன பாத்துக்கிட்டே அதையும் பாத்தீங்கள்ல, அதனாலதானே நான் இங்க ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கேன்? விட வேணாம். ஆனா இனிமே நான் எறங்கணும்னா ரெண்டு விஷயம். என் பூட்டு, என் சாவி. அப்புறம் ஒங்க கை."

"கையா?"

"ஆமா. கையக் காட்டணும்."

அன்றிலிருந்து அது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. கைப்பிடியை நான் இழுப்பேன். அவன் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வான். பிறகு, "அண்ணே, கையக் காட்டுங்க" என்பான். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். கைப்பேசி இருக்கக்கூடாது, வாக்கி டாக்கி இருக்கக்கூடாது, பேனாகூட இருக்கக்கூடாது. காட்டிக்கொண்டே நான் என்ன செய்தேன் என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். "மூணாம் நம்பர் கரண்ட நானே வெட்டுனேன், செவப்பு லைட்டு அணைஞ்சிருச்சு, சாவி ஒங்கிட்ட இருக்கு." மாத்தி என்ற வார்த்தையை நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசவே இல்லை. இஞ்சின் ரூம்காரரிடமும் நடந்ததைச் சொன்னோம். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவரும் அந்த வார்த்தையை விட்டுவிட்டார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். "என்னா அண்ணே, மருதாணி போட்டு விடப் போறானா?" என்றார்கள். "இல்ல லா, கை ரேக பாக்குறான்" என்றேன். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஒரு வருடம் கழித்து மலாய்க்கார ஃபிட்டர்களும் என்னிடம் கையைக் காட்டச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இதில் நான் கண்டது ஒன்றுதான். என் தலையை என்னால் நிறுத்த முடியாது. கோப்பியை விட்டுப் பார்த்தேன், ஜெபமாலை சொல்லிப் பார்த்தேன், காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போதுகூட மேலே சுற்றுகிற விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். ஆனால் கையை நிறுத்த முடியும். இரண்டு கையும் காலியாக, எதிரே ஒரு மனிதன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, தலையில் இருக்கிற கடைகளில் பாதி அடைத்துவிடுகிறது. மீதிப் பாதி திறந்துதான் இருக்கும். இருக்கட்டும். அந்தப் பாதியில்தான் சிவப்பு விளக்கும் இருக்கிறது.

அப்புறம் கிளினிக்கிலும் போய்ச் சொன்னேன். அந்த டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டார். எப்போதிலிருந்து என்றார். புத்தி தெரிந்ததிலிருந்து என்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இதற்கு ஒரு பேர் சொன்னார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். அதைத்தான் நான் வீட்டில் சுகர் மாத்திரை என்று சொல்லிச் சாப்பிட்டேன். எனக்குச் சத்தம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ போய்க் கேள். என்னை மாதிரி ஐம்பது வயது வரை காத்திருக்காதே. சுகர் என்று பொய்யும் சொல்லாதே.

வேலையை விடு என்றும் நான் சொல்ல மாட்டேன், விடாதே என்றும் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். உன் பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஆளிடம் உன் தலையைப் பற்றிச் சொல். சூப்பர்வைசரிடம் அப்புறம் சொல்லலாம். முதலில், நீ பிரேக்கரை இறக்கிவிட்டாய் என்று நம்பிக் கை வைக்கிறானே, அவனிடம் சொல். நான் தப்பு நடந்த பிறகு சொன்னேன். நீ முன்னாலேயே சொல்லிவிடு. கேட்டுவிட்டு அவன் உன்னோடு நிற்க மாட்டேன் என்றால், விட்டுவிட்டு வா. வீடு இருக்கிறது. நிற்கிறேன் என்றால், அவனுக்குக் கையைக் காட்டு.

பிரான்சிஸ், உனக்கு அம்மாவின் தலை. அமைதியானது. உனக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் உன் மில்லில் என் மாதிரி, உன் அக்கா மாதிரி ஒருவர் இருப்பார். எல்லாவற்றையும் பார்ப்பார், நீ சொல்வதை மட்டும் பாதியில் விட்டுவிடுவார். அவரைக் கேலி செய்யாதே. இன்னொரு தடவை சொல். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்.

இன்னும் ஒன்றை நான் எழுதவில்லை. கண்டினில் அவனிடம் சொன்ன அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மில் ஓடவில்லை. ஓவர்டைம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். காவல்காரர் அறையில் கையெழுத்துப் போட்டு உள்ளே நுழைந்து, நேராக மூன்றாம் நம்பருக்கு நடந்தேன். கைப்பிடியை இழுத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தனி ஆளாக உள்ளே இறங்குவது பெரிய தப்பு. நீங்கள் ஒருநாளும் செய்யக்கூடாது. நான் செய்தேன்.

அவன் படுத்திருந்த இடத்தில் மல்லாந்து படுத்தேன். ஒரு இரும்புப் பலகை தலைக்கு மேலே, இன்னொன்று முழங்காலுக்குக் கீழே. எண்ணெய் சட்டையில் ஊறி முதுகுக்கு வந்தது. அங்கிருந்து பார்த்தால் மோட்டார் தெரியவில்லை, ஐசோலேட்டர் தெரியவில்லை, சிவப்பு விளக்கும் தெரியவில்லை. மூடி திறந்திருந்த இடத்தில் சதுரமாகக் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நான் நின்றிருந்த இடம் அதுதான்.

அவனுக்குக் கம்பியை வெட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ அவ்வளவு நேரம் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு, அவன் கூப்பிட்ட மாதிரியே, "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.